நான் கட்ட மறந்த நான்காவது பொட்டலம்

எங்கள் சத்துமாவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் அச்சடித்திருப்போம்: ‘இது எங்கள் வீட்டில் நாங்கள் சாப்பிடும் மாவு.’ அதற்கு மேல் ஒரு வார்த்தை போட என் மனைவி சம்மதிக்கவில்லை. அச்சகக்காரர், “எலும்புக்கு நல்லது, ரத்தம் ஊறும்னு ஏதாச்சும் போடுங்கண்ணே, எல்லாரும் போடுறாங்கல்ல” என்று சொல்லிப் பார்த்தார். “நமக்குத் தெரிஞ்சத மட்டும் போடுவோம். சாப்பிடுறோம், அது தெரியும். மத்தது என்னத்தத் தெரியும்?” என்றாள் அவள். அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டோம்.

நான் பத்தாவது வரை படித்தவன். கறம்பக்குடிப் பக்கம் மாவு மில் வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை என்று பதினொரு சாமானை என் மனைவி வறுத்துத் தருவாள், நான் அரைப்பேன். விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் அடுப்பில் சட்டி ஏறும். எங்கள் மகள் திருச்சியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் இந்த மாவுக்கு நெட்டில் ஒரு கடை போட்டுக் கொடுத்தாள். வாரத்துக்கு ஏழெட்டுப் பாக்கெட் போகும். கூரியர் ஆபீசில் கொடுத்துவிட்டு வரும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் சொன்னாள்: “அப்பா, இப்படியே இருந்தா வளராது. அஃபிலியேட் நெட்வொர்க் ஒண்ணுல சேரணும்.”

“அது என்னம்மா?”

“யூடியூப்ல சமையல் போடுறவங்க, நெட்டுல எழுதுறவங்க எல்லாம் நம்ம மாவப் பத்திச் சொல்லுவாங்க. அவங்க குடுக்குற லிங்க்க அழுத்தி யாராச்சும் வாங்குனா அவங்களுக்குக் கமிஷன்.”

“தரகு.”

“ஆமா, தரகுதான்.”

“அப்ப அவங்களயே கூப்பிட்டுப் பேசிடலாமே?”

“ஆயிரக்கணக்குல இருக்காங்கப்பா. எங்கிட்டுப் போயித் தேடுவீங்க? அவங்க எல்லாத்தையும் ஒரு எடத்துல சேத்து வச்சிருக்குற கம்பெனிதான் நெட்வொர்க்.”

“தரகருக்குத் தரகர்.”

“சரி, அப்படியே வச்சுக்கங்க” என்று சிரித்தாள்.

தரகு எனக்குப் புதிதில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கை விட்டு விரல் பிடித்து விலை பேசியிருக்கிறேன். தரகர் பொய் சொல்வார், அது ஊருக்கே தெரியும். வயசைக் குறைத்து, நாலு பல்லு மாட்டை ரெண்டு பல்லு என்பார். ஆனால் அவர் சொல்லும்போது நானும் பக்கத்தில் நிற்பேன். “அண்ணே, வாயத் தெறந்து காட்டுங்க” என்று வாங்குகிறவர் சொன்னால் மாடும் வாயைத் திறக்கும். பொய்க்கும் மெய்க்கும் நடுவே மாடு நின்றுகொண்டிருக்கும். இந்தத் தரகர்கள் எங்கே நிற்பார்கள், யாரிடம் சொல்வார்கள், நான் எங்கே நிற்பேன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மகள் மூன்று நெட்வொர்க்குகளைச் சொன்னாள். நான் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். முதலாவது வெளிநாட்டுக் கம்பெனி. சேரவே முன்பணம் கட்ட வேண்டும், எல்லாம் இங்கிலீஷ். இரண்டாவது நம் நாட்டுக் கம்பெனி. பணம் கட்ட வேண்டாம், விற்றால் மட்டும் கமிஷன். ஆட்கள் ஏராளம், யார் கேட்டாலும் அவர்களே சேர்த்துக்கொள்வார்கள், நமக்கு வேலையே இல்லை. மூன்றாவது சின்னக் கம்பெனி. மாதாமாதம் கட்டணம் உண்டு. நம் மாவைப் பற்றிப் பேச ஒருவர் வந்தால் அவர் யார், என்ன எழுதுவார் என்று நாமே பார்த்து ‘சரி’ என்று அழுத்த வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. லிங்க்கை அழுத்திவிட்டு அப்போது வாங்காமல் போனவர் ஒரு மாதம் கழித்து வந்து வாங்கினாலும், அவர் முதலில் யார் சொல்லி வந்தார் என்று கம்பெனி ஞாபகம் வைத்திருக்குமாம். ஆனால் நடுவில் அவர் வேறொருவருடைய லிங்க்கை அழுத்திவிட்டால், கமிஷன் அந்தக் கடைசி ஆளுக்குப் போய்விடுமாம்.

“அப்ப மொதல்ல சொன்ன ஆளுக்கு?”

“ஒண்ணும் கெடையாது.”

“இது நியாயமாம்மா?”

“நியாயம் இல்லப்பா, ரூல்.”

நான் அந்தக் காலண்டர் தாளை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மில்லில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்துப் பார்ப்பேன். ஒன்றை நினைத்தால் மற்றது நல்லதாகத் தெரியும். மகளைக் கேட்டால், “மாவு ஒங்களோடது, நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க” என்றாள். மனைவியைக் கேட்டால், “எனக்கு வறுக்கத் தெரியும்” என்றாள். பிறகு யாரைக் கேட்பது? எங்கள் வீட்டில் கிணறு வெட்டியதும், மகளுக்கு வரன் பார்த்ததும், மில்லுக்கு இந்த இடத்தைப் பிடித்ததும் மாரியாத்தாளைக் கேட்டுத்தான். இதையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியதும் மனசு லேசாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்க்கப் போனேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதி, ஒரு பூவோடு வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டிப் பொட்டலமாக்கி அம்மன் காலடியில் வைப்போம். கும்பிட வந்தவர்களில் நமக்குத் தெரியாத ஒருவர் அதில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அதுதான் உத்தரவு.

பூசாரி என்னைவிட இளையவர். தட்டில் பொட்டலங்களைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, யாருக்கு வரன்?” என்றார்.

“வரன் இல்லப்பா. நெட்வொர்க்கு.”

“ஏன், வீட்டுல டவர் எடுக்கலையா?”

“அது இல்ல, இது ஏவாரத்துக்கு” என்று சொல்லத் தொடங்கி, எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “நீ வையிப்பா, ஆத்தாளுக்குப் புரியும்” என்றேன்.

அவர் கற்பூரம் காட்டினார். ஈரத்தலையோடு வந்திருந்த ஓர் அம்மாள் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துத் தந்தார். பிரித்தேன். இரண்டாவது நெட்வொர்க். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு நாளாக நான் மண்டையை உடைத்துக்கொண்டதை ஆத்தா ஒரு நொடியில் சொல்லிவிட்டாள். கோயில் வாசலில் நின்றே மகளுக்குப் போன் போட்டேன். அன்று மத்தியானமே அவள் சேர்த்துவிட்டாள்.

பதினைந்து நாளில் ஆர்டர் வரத் தொடங்கியது. வாரத்துக்கு ஏழெட்டு என்பது ஒரு நாளைக்கு ஏழெட்டு ஆனது, பிறகு இருபது. வறுக்க இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தோம். கூரியர் ஆபீசில் என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். கோயிலுக்குப் புதுப் பட்டுப் பாவாடை எடுத்துக் கொடுத்தேன். யார் சொல்லி இத்தனை பேர் வாங்குகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரு புதன்கிழமை காலையில் அந்தப் போன் வந்தது. பாக்கெட்டில் இருக்கும் நம்பரைப் பார்த்து ஒரு பெண் பேசினார்.

“அண்ணே, கோட்டைப்பட்டினத்துலேருந்து பேசுறேன். எங்கம்மாவுக்கு ஒங்க மாவு வாங்கியிருக்கோம்.”

“சந்தோஷம்மா. நல்லாருக்கா?”

“நல்லாருக்குண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதினஞ்சு நாள்ல சுகர் போயிரும்னு வீடியோவுல சொன்னாங்கள்ல? மூணு வேளையும் மாவு மட்டுந்தானா, இல்ல நடுவுல சோறு சாப்பிடலாமா?”

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. “எந்த வீடியோம்மா?” என்றேன்.

“ஒங்க மாவு வீடியோதாண்ணே. மாத்திரையத் தூக்கிப் போடுங்கன்னு சொல்றாரே ஒருத்தரு. அம்மா நிறுத்திட்டாங்க.”

“எப்ப நிறுத்துனாங்க?”

“அஞ்சு நாளாச்சு.”

மில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் சுவிட்சை அணைத்தேன். “அம்மா, ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். இப்பவே அவங்களுக்கு மாத்திரையக் குடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்க மாவு மருந்து இல்லம்மா, மாவுதான்” என்றேன்.

“நானும் சொல்றேண்ணே, கேக்க மாட்டேங்குறாங்க. பெத்த மகள விட்டுட்டு அந்த வீடியோக்காரரத்தான் நம்புறாங்க.”

மகளுக்குப் போன் போட்டேன். அவள் தேடிப் பிடித்தாள். யாரோ ஒருவர், எந்த ஊர் என்றுகூடத் தெரியவில்லை. எங்கள் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறார். ‘இது எங்கள் வீட்டில் நாங்கள் சாப்பிடும் மாவு’ என்ற வரி அவர் கட்டை விரலுக்கு அடியில் பாதி தெரிகிறது. நெட்வொர்க் அவரைச் சேர்த்துக்கொண்டதும் எங்களுக்குத் தெரியாது, அவர் பேசியதும் தெரியாது.

“கம்ப்ளெயிண்ட் போட்டுட்டேன்பா. பாத்துட்டுச் சொல்றோம்கிறாங்க. ஆனா இவரத் தூக்குனா இன்னொருத்தர் வருவாரு. இந்த நெட்வொர்க்க விட்டே வெளிய வந்துரலாம். நான் இங்கேருந்தே நிறுத்திடுவேன், சொல்லுங்க.”

“ஆத்தா குடுத்ததும்மா” என்றேன்.

“அப்பா, ஆத்தாவா ஃபாரம் ஃபில்லப் பண்ணுச்சு? நான்தானே பண்ணேன்?”

“அப்படிப் பேசாத.”

“பின்ன எப்படிப் பேசுறது?” என்றாள்.

ஆத்தா உத்தரவு கொடுத்ததை நான் எப்படி வேண்டாம் என்பது? அவள் கொடுத்தது நல்லது என்றால் கோட்டைப்பட்டினத்தில் ஒரு தாய் மாத்திரையைத் தூக்கிப்போட்டது எப்படி? அவள் கொடுத்தது தப்பு என்று நினைக்கவே எனக்குக் கூசியது. ஒருவேளை சோதிக்கிறாளோ? சோதனை என்றால் எனக்குத்தானே வர வேண்டும், முகம் தெரியாத அந்தம்மாவுக்கு ஏன்? அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். வறுக்கிற பெண்களை அனுப்பிவிட்டு என் மனைவி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நின்றது. “ஏங்க, அன்னைக்கு எத்தன பொட்டலம் கட்டுனீங்க?”

“மூணு. மூணு நெட்வொர்க்குக்கும்.”

“வேப்பெல?”

“வைக்கல.”

வேப்பிலை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். எதைக் கேட்டாலும், கேட்கிற பொட்டலங்களோடு வெறும் வேப்பிலையை மட்டும் மடித்து ஒரு பொட்டலம் கூட வைப்போம். இதில் எதுவுமே வேண்டாம் என்று அம்மன் சொல்வதானால் அதைக் கொடுப்பாள். கிணற்றுக்கு இரண்டு தடவை வேப்பிலைதான் வந்தது; மூன்றாவது தடவைதான் இடம் சொன்னாள். மகளுக்கு வந்த ஒரு வரனுக்கும் வேப்பிலை வந்து, வேண்டாம் என்று விட்டோம். அது தெரிந்தவன்தான் நான். அன்று வாழையிலையைக் கிழிக்கும்போது வேப்பிலை ஞாபகம் வரவில்லையா, வந்தும் விட்டேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கோயில் வாசலிலேயே வேப்பமரம் நிற்கிறது. கை நீட்டினால் எட்டும்.

“வேண்டாம்னு சொல்ல ஆத்தாளுக்கு நீங்க எடமே வைக்கலையே” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

“இப்ப என்ன பண்றது? திரும்பப் போயிக் கேக்கவா?”

“அதெல்லாம் பெறகு பாப்போம். அந்தம்மா மாத்திரை போட்டாங்களா? அதப் போயிப் பாருங்க மொதல்ல.”

அட்ரஸ் ஆர்டரிலேயே இருந்தது. அறந்தாங்கியில் பஸ் மாறிக் கோட்டைப்பட்டினம் போய்ச் சேரும்போது வெயில் உச்சியில் இருந்தது. போன் பேசிய பெண்தான் வாசலில் நின்று கூட்டிப் போனார். அவருடைய தாயார் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. பேச்சுக்கு நடுவே எடுத்து எடுத்துக் குடித்தார். தாகம் என்றால் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மாமியாருக்கு அப்படித்தான் இருந்தது.

“அம்மா, நான்தான் இந்த மாவு அரைக்கிறவன். மாத்திரையப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்.”

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “நீயா அரைக்கிற? வீடியோவுல வேற ஆளுல்ல வந்தாரு? கோட்டு போட்டிருந்தாரு.”

“அவரு யாருன்னே எனக்குத் தெரியாதும்மா.”

“தெரியாமலா ஒன் மாவப் பத்தி அம்புட்டுப் பேசுவாரு? அவரு சொல்றாரு சுகர் போகும்னு. நீ சொல்ற போகாதுன்னு. மாவு விக்கிறவன் தன் மாவக் கொறச்சுச் சொல்லுவானா தம்பி? நீ வேற எதாச்சும் கம்பெனிக்காரனா?”

அவர் மகள் தலையில் அடித்துக்கொண்டார். “அம்மா, பஸ் ஏறி வந்திருக்காரும்மா.”

“பஸ் ஏறி யாரு வேணா வரலாம்.”

நான் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து அந்த ஒரு வரியைக் காட்டினேன். “இது மட்டுந்தாம்மா நாங்க சொன்னது” என்றேன்.

“எனக்கு எழுத்துத் தெரியாது” என்றார் அவர்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் மாவைப் பற்றி நான் சொல்வதை நம்பவைக்க என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. சந்தையில் மாடு வாயைத் திறக்கும். மாவு என்ன பண்ணும்? சாமி மேல் சத்தியம் பண்ணக் கூடாது என்று வளர்ந்தவன் நான், ஆயுசில் ஒரு தடவையும் பண்ணியதில்லை. அன்று பண்ணினேன். “எங்க மாரியாத்தா மேல சத்தியமாச் சொல்றேம்மா. இந்த மாவுல சுகர் போகாது. இது பசிக்குச் சாப்பிடுறது, அவ்வளவுதான்.”

அவர் செம்பைக் கீழே வைத்தார். “ஒங்க சாமி மேலயா?” என்றார்.

“ஆமாம்மா.”

“சாமிக்குப் பயந்தவன் பொய் சொல்ல மாட்டான்” என்று மகளைப் பார்த்துச் சொன்னார். “அந்தக் கோட்டுக்காரன் ஆணையிட்டுச் சொல்லல பாத்துக்க. எடு அந்த மாத்திரைய.”

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அவர்கள் இருவரும் முன்னால் போக, நானும் பின்னாலேயே போனேன். சர்க்கரை மிகவும் ஏறியிருந்தது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் தெரியுமா என்று டாக்டரம்மா திட்டினார். யாரைத் திட்டினார் என்று பார்க்காமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு ராத்திரி தங்க வேண்டும், பயமில்லை என்றார்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மகளுக்குப் போன் பண்ணினேன். “நிறுத்திடும்மா, இப்பவே.”

“நெசமாவாப்பா? ஆத்தா…?”

“அவ மேல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன், இந்த மாவு மருந்து இல்லன்னு. அங்கிட்டு ஒருத்தன் மருந்துன்னு வித்துக்கிட்டிருந்தா, என் சத்தியம் என்னத்துக்கு ஆகும்?”

அறந்தாங்கி பஸ் கிளம்பும்போது மெசேஜ் வந்தது: ‘நிறுத்தியாச்சு.’ எனக்குச் சந்தோஷமாக இல்லை. உத்தரவை மீறிவிட்டேனா, இல்லை இப்போதுதான் கேட்டேனா என்று ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். ஆத்தா பெயரைச் சொல்லித்தான் சேர்ந்தேன், அவள் பெயரைச் சொல்லித்தான் விட்டேன். எது அவள் சொன்னது? ஊர் வந்து சேரும் வரைக்கும் பிடிபடவில்லை.

ஆர்டர் பழையபடி வாரத்துக்கு ஏழெட்டுக்கு இறங்கிவிட்டது. வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டம் தனி. மகள் மூன்றாவது நெட்வொர்க்கைப் பற்றி மறுபடி சொல்கிறாள். “ஒவ்வொரு ஆளையும் நீங்களே பாத்து ஓகே பண்ணலாம்பா. வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்.” சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் முகம் தெரியாத ஆள் நல்லவரா என்று செல்போனைப் பார்த்து நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, மறுபடி பொட்டலம் கட்டினேன். இந்தத் தடவை என் மனைவியே வேப்பிலை பறித்து வந்து மடித்து, நாரை இறுக்கிக் கட்டி வைத்தாள். மூன்றாவது நெட்வொர்க்குக்கு ஒன்று, மகள் புதிதாகச் சொன்ன இன்னொன்றுக்கு ஒன்று, யாரும் வேண்டாம், நாமே நமக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லிக்கொள்வோம் என்று எழுதி ஒன்று, வேப்பிலை ஒன்று. நாலு. ஆனால் கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை. சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இலை காய்ந்து சுருண்டுவிட்டது. எது எந்தப் பொட்டலம் என்று எனக்கே தெரியாது. வேப்பிலை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பயம்தான் முதல் தடவை என் கையைப் பிடித்ததோ என்னவோ.

கோட்டைப்பட்டினத்து அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தன் மகளின் போனில் அடிக்கடி பேசுகிறார். எடுத்ததும், “மாத்திரை போட்டேன்” என்பார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. பிறகு மாவு ஒரு கிலோ சொல்வார். பொட்டல விஷயத்தை ஒரு நாள் அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

நேற்றும் பேசினார். “என்ன தம்பி, ஒங்க ஆத்தா என்ன சொன்னா?”

“இன்னும் கேக்கலம்மா.”

“ஏன்?”

“வேணாம்னு சொல்லிட்டா?”

“சொன்னா சொல்லட்டுமே. மாவ நம்பி மாத்திரைய விட வேணாம்னு எனக்கு நீ சொல்லல?” என்றார். “நான் கேட்டேன்ல?”

நாளைக்கு வெள்ளிக்கிழமை. புது வாழையிலை நறுக்கி வைத்திருக்கிறேன்.